அரை நொடி

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் தாண்டிச்
செட்டிபாளையம் வந்து
நேர்பாதையில் என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது.

கார்ட்டிங்கில் ஆறு கோப்பை.
ஃபார்முலா காரில் இரண்டாம் வருடம்,
ஒன்பதாம் இடம்.
இருக்கை, முன்பு ஓட்டியவன் இடுப்புக்கு வார்த்தது.
மிச்ச இடத்தில்
துண்டை மடித்துச் செருகியிருக்கிறேன்.

"இந்த டயரையே இன்னொருக்கா ஓட்டிப்போடு சாமி."
தேய்ந்த ரப்பரை நகத்தால் கீறுகிறார் பொங்கியண்ணன்.
அப்பா கோழிப்பண்ணைக் கணக்கை
மடித்துப் பையில் வைக்கிறார்.

சாரல் விழுந்த ஐந்தாம் சுற்றில்
எல்லாரும் பிரேக் மிதிக்கும் பலகையை
மிதிக்காமல் கடந்தேன்.

மணற்குழியில் எஞ்சின் அணைந்ததும்
சோளக்காட்டில் மயில் அகவியது.
இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கும்.

ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
வேலியோரம் பொங்கியண்ணன்
ஸ்டாப்வாட்சை உயர்த்திக் காட்டுகிறார்:
வளைவு வரைக்கும்
அரை நொடி முன்னே.