யூ என்று தட்டினேன்

பிரிட்ஜ்டவுன் நீதிமன்றத்தில்
பதினாறு வருஷமாய்ச் சுருக்கெழுத்து.
வாயிலிருந்து விழுவதைத்
தரை தொடுமுன் பிடிப்பது என் வேலை.
பிடித்ததைத் துடைத்து வைக்க யாரும் சொல்லவில்லை.
எனக்கு முந்தைய கோப்புகள் எல்லாம்
துடைத்தே இருந்தன.

அன்று கூண்டில் எர்மின்ட்ரூட் கிட்டென்ஸ்.
கைக்கடிகாரத்தில் மீன் செதில்.
அவள் வீட்டை இரவோடிரவாகத்
தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

வீட்டையா என்று கேட்காதீர்கள்.
நிலம் பண்ணைத்துரையுடையது,
பலகை மட்டும் நம்முடையது என்றிருந்த காலத்தில்
போ என்றதும் போக வேண்டியிருந்தது.
அதனால் பவளக்கற்களின் மேல்
சும்மா உட்காரவைத்த மரவீடு.
ஆணியைக் கழற்றினால்
சுவர் சுவராய் வண்டியேறும்.
இன்னும் சில நிற்கின்றன,
ஜன்னலில் செம்பருத்தியும் கூரையில் டிஷ்ஷுமாக.

“வன்னாதான் லாரி கொண்டு வந்தது,” என்றாள்.
“வன்னாதான் தூக்கினது.”
எதிரே நின்றவன் ஒருவன், கார்லைல் பிளாக்கெட்.
பின்பெஞ்சில் அவன் தம்பிகள் நால்வர்,
தொப்பி முழங்காலில்.
அவள் விரல் ஐந்து பேரையும் தொட்டுத் திரும்பியது.
விரலைத் தட்டச்சு செய்ய முடியாது.
யூ என்று தட்டினேன்.

இங்கிலீஷ் இங்கே கரையிறங்கியபோது
ஒருவரா பலரா என்ற வித்தியாசம்
அதன் உடம்பிலிருந்து கழன்றுகொண்டிருந்தது.
ஒருத்தனுக்கும் யூ, ஒரு படைக்கும் யூ.
கரும்புக்காட்டில் அது குறையாகத் தெரியவில்லை.
சாட்டைக்கு ஏது ஒருமை, பன்மை?
வெட்டு. கட்டு. சும. மறுபடி வெட்டு.
டெவன்காரக் கங்காணி கத்தியது பாதி,
கடனுக்கு விற்கப்பட்ட ஐரிஷ்காரன்
தனக்கே ஒட்டாத நாக்கால் மென்று துப்பியது மீதி.
எங்களுக்குக் கிடைத்த மொழி அவ்வளவுதான்.

வன்னாவை முதலில் சொன்னவள் யார்?
எந்தக் கோப்பிலும் இல்லை.
நான் ஒருத்தியை வைத்திருக்கிறேன்:
சர்க்கரை காய்ச்சும் கொட்டகை, நள்ளிரவு,
பெரிய கொப்பரை சரிகிறது.
யூ என்று கத்துகிறாள்.
ஆறு பேரும்
மற்ற ஐந்து பேரைப் பார்க்கிறார்கள்.
அப்போது அவள் வாயில்
இக்போ ஊரின் ஊனு வருகிறது,
அத்தனை பேரையும் ஒரே பிடியில் இழுக்கும் சொல்.
எல்லோரும் குதிக்கிறார்கள்.
பாகு வெறுந்தரையில் ஓடுகிறது.

இங்கிலீஷ் வேர் விட்டது என்று எழுதுகிறார்கள்.
வீடே வேர் விடாத ஊரில் மொழியா விடும்?
துரையின் பலகைதான், ஒத்துக்கொள்கிறேன்.
இடுக்கு தெரிந்த இடத்தில்
எங்கள் கட்டையை அறைந்தோம்.
அதற்குள்தான் சமைத்தோம், சண்டை போட்டோம்,
பிள்ளை பெற்றோம்.
அதே வீட்டின் ஒரு பலகையைச் சொன்னதற்காக
செயின்ட் ஜான் பள்ளியில்
மிஸ் ஆலின் அடிஸ்கேல்
என் விரல் முட்டியில் இறங்கியது, மூன்று முறை.
எந்த விரல்கள் என்று நினைக்கிறீர்கள்?
தட்டச்சு செய்யும் இதே விரல்கள்.

தீர்ப்பு பதிவைப் படித்தது.
பதிவில் ஒருவன்தான் இருந்தான்.
கார்லைலுக்கு அபராதம்.
தம்பிகள் தொப்பியைப் போட்டுக்கொண்டு
காலை வெயிலில் இறங்கினார்கள்,
ஒருவன் விசிலடித்தபடி.

எர்மின்ட்ரூட் என் மேஜைக்கு வந்தாள்.
வாசித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.
“நான் இப்படிச் சொல்லலையே.”
“இங்கிலீஷில் இப்படித்தாம்மா.”
“அப்போ நான் பேசினது என்ன?”

அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

மாலை, ஸ்பைட்ஸ்டவுன் வேன்.
பாட்டுச் சத்தம் காது கிழிகிறது.
கதவில் தொங்கும் பையன் உள்ளே பார்த்து
வன்னா, தள்ளு தள்ளு என்கிறான்.
வங்கிக்காரர் தள்ளுகிறார்,
பள்ளிப்பிள்ளைகள் தள்ளுகிறார்கள்,
தலையில் ரொட்டிப்பழக் கூடையோடு ஒருத்தி.
கோப்புப் பையை மார்போடு அணைத்தபடி
நானும் அரையடி தள்ளினேன்.