மூன்றரைக்குப் பிறகு

அரசாங்கம் என் மகளை
மூன்றரை மணி வரை பார்த்துக்கொள்ளும்.
பாய் உண்டு, முட்டை உண்டு,
சுவரில் அணில் ஆடு இலை ஈ உண்டு,
உயரம் பார்க்கக் கதவோரம் கரிக்கோடு உண்டு.
காசு கிடையாது.

மூன்றரைக்கு
வடுவூர்ப் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில்
இன்னும் நாற்பத்திரண்டு டோக்கன் காத்திருக்கும்.
ஈரமானியில் பதினெட்டு காட்டினால்
"கொஞ்சம் பார்த்துப் போடும்மா" என்பார்
காலையிலிருந்து தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவர்.
குறுவை நேரத்தில்
மேகம் பார்த்துத்தான் வீட்டுக்குப் போவோம்,
கடிகாரம் பார்த்து அல்ல.

ஆகவே மூன்றரையிலிருந்து ஏழு வரை
தன்விகா யார் பொறுப்பு என்று
பில் புத்தகத்தின் பின்னட்டையில்
கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

பிலோமினா அக்கா கிரீச், மாதம் இரண்டாயிரத்து இருநூறு.
அங்கன்வாடியிலிருந்து அங்கே போக ஷேர் ஆட்டோ, அறுநூறு.
பாலும் பிஸ்கட்டும் அவர்கள் கணக்கு,
மாற்றுத் துணி நம் கணக்கு.
ஏழைத் தாண்டினால் பத்து நிமிஷத்துக்கு இருபது.
மே மாத விடுமுறைக்கு முழுநாள் கட்டணம்.
சொட்டு மருந்து, வாக்காளர் பட்டியல்,
டீச்சரை எங்கே கூப்பிட்டுக்கொண்டு போனாலும்
அன்றைக்கும் முழுநாள்.
சீசன் முடிந்தால் என் சம்பளம் நிற்கும்.
இடம் போய்விடாமல் இருக்க
அப்போதும் பாதி கட்ட வேண்டும்.

மதியத்துக்கு மேல் நான் எழுதும் மூட்டைகளில்
ஏறக்குறைய எல்லாமே
அவளை இன்னொருவர் வைத்துக்கொள்வதற்கு.

திருப்பூரிலிருந்து ஒன்பதரைக்குப் பேசுகிறவர் கேட்கிறார்,
"கிரீச் போக உன் சம்பளத்தில் என்ன மிச்சம்?"
உன் சம்பளத்தில்.
பிள்ளைச் செலவு முழுக்க
என் பத்தியில் ஏறியிருக்கிறது.
யார் ஏற்றியது என்று தெரியவில்லை,
கையெழுத்து மட்டும்
என்னுடையது மாதிரி இருக்கிறது.

நேற்று அடைமழை.
மூட்டைகளை மூடிவிட்டுக் கிளம்ப
ஆறே முக்கால் பேருந்துதான் கிடைத்தது.
பாமணி ஆற்றுப் பாலத்தில் டிராக்டர் நின்றுவிட்டது.
இறங்கி நடந்தேன்.
கிரீச் வாசலில் ஏழு நாற்பது.
எண்பது ரூபாய்.

எனக்கு முன்னால் ஒருத்தி
நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டு நின்றாள்.
திரும்பினால், செங்கமலவல்லி.
எங்கள் வார்டு அங்கன்வாடி டீச்சர்.

பத்து மாதப் பையன்,
பிலோமினா அக்கா தோளில் தூங்குகிறான்.
"உங்க பையனா? அங்கேயே வச்சுக்கக் கூடாதா?"
கேட்டு முடிப்பதற்குள் எனக்கே கூச்சமாகிவிட்டது.
"முப்பத்தோரு பிள்ளைங்க, ஆயா இடம் காலி.
இவன் அழுதா தன்விகாவை யார் பாக்குறது?"
பிறகு, மன்னிப்புக் கேட்பதுபோல:
"நாலு மணியிலேருந்து எல்லார் எடையையும்
போன்ல ஏத்திட்டிருந்தேன். சிக்னலே இல்ல.
உங்க பொண்ணு முந்நூறு கிராம் கூடியிருக்கா."

அவருக்கும் எண்பது.
ஆளுக்கொரு நூறு ரூபாய் நோட்டு நீட்டினோம்.
பிலோமினா அக்காவிடம் சில்லறை இல்லை.
"நாளைக்குக் கழிச்சுக்கலாம்" என்றார்.
நாளைக்கும் தாமதமாகும் என்பது
மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.
யாரும் சிரிக்கவில்லை,
ஆனால் சிரிப்பு பக்கத்தில்தான் நின்றது.

உள்ளேயிருந்து ஓடி வந்தவள்
முதலில் "டீச்சர்!" என்றாள்.
அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.
கழுத்து, முழங்கை, ரவிக்கை ஓரம் எல்லாம்
நெல்லுச் சுணை.
தூக்கக் குனிந்தேன்.
பின்னால் நகர்ந்து,
விரலை உயர்த்திச் சொன்னாள்:
"கை கழுவிட்டுத் தூக்கணும்."

யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.
செங்கமலவல்லி
கொடியில் காய்ந்த தன் பையனின் சட்டையை
மடித்துக்கொண்டிருந்தார்,
மடித்ததையே மறுபடியும்.
குழாயடியில் இருட்டு.
இருவரும் வரிசையில் நின்று
கை கழுவினோம்.