ரப்பர் கூடாது

நாகர்கோவில் சந்திப்பில் இறங்கியதும்
டிபன் டப்பா ஒன்றை நீட்டினாள் அபிதா.
பதினோரு பேரும் ரப்பரைப் போட்டோம்.
நான் இரண்டு போட்டேன், ஒன்று மாம்பழ வாசனை.
நான்கு நாளைக்கு யாரும் எதையும் அழிக்கக் கூடாது,
தப்பு வந்தால் பக்கத்தில் இன்னொரு கோடு,
அவ்வளவுதான் என்றாள்.
பறிமுதல் பற்றி ரசீதில் ஒரு வார்த்தை இல்லை.

முதல் நாள் மாத்தூர்த் தொட்டிப் பாலம்.
தூண்கள் இருபத்தெட்டாம்.
என் தாள் பதினாறுதான் தாங்கியது.
மீதித் தண்ணீர் எங்கே போயிற்று என்றார்
பல் டாக்டர் சம்பந்தம்.
அவர் போட்ட தூண்கள் எல்லாம் கடைவாய்ப் பற்கள்,
வேர் பிரிந்து ஆற்றில் நின்றன.
மெஹர்னிஷா பாலத்தின் பக்கமே திரும்பவில்லை.
அன்னாசி வண்டியிலிருந்த
மிளகாய்த்தூள் புட்டியை மட்டும்
மூன்று மணி நேரம் வரைந்தாள்.

மறுநாள் குலசேகரம் தாண்டி ரப்பர்த் தோட்டம்.
மடக்கு ஸ்டூல், கொசு மருந்து, இட்லிப் பொட்டலம்.
மழைக்காக இடுப்பில்
பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரங்கள்
கண்ணுக்கு எட்டிய வரை வரிசையில்.
பாவாடைக்குக் கீழே சாய்வாக ஒரு கீறல்,
அதற்கும் கீழே சிரட்டை.
தவணை தவறியவர்களுக்கு போன் செய்வது
வங்கியில் என் வேலை.
ஒருநாள் விட்டு ஒருநாள்
தவறாமல் கட்டுகிற மரத்தை
சற்று மரியாதையோடுதான் பார்த்தேன்.

ஒன்பது மணி வாக்கில்
பொறுக்க முடியாமல் செங்கோடன் கத்தினார்:
"யாராவது ஒரு ரப்பர் குடுங்க!"
பாலெடுக்க வந்த பெண்
வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.
"முந்நூறு மூடு நிக்குது.
எந்த மூட்டுல வேணும்?"

பெயர் லில்லிபுஷ்பம்.
மூன்றரை மணி இருட்டில்
நெற்றியில் விளக்கு மாட்டி வெட்டத் தொடங்கியவள்.
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.
"வெட்டு திரும்பில்லா கெடக்கு.
இடத்தேருந்து வலத்தே எறங்கணும்.
இதுல வாற பாலு சிரட்டையில விழாது,
உங்க செருப்புலயாக்கும் விழும்."

இரண்டு மணி நேரம் பார்த்துப் பார்த்துப் போட்டது.
கண் ஒரு பக்கம் சொல்ல
கை தன் வசதிக்குச் சாய்த்திருக்கிறது.
சரியான கோட்டை அதன் மேலேயே இழுத்தேன்.
பெருக்கல் குறி.
தறிக்கப் போகும் மரத்துக்குச் சுண்ணாம்பில் போடுவார்களே, அது.

"மூடு பட்டுப்போவும்," என்றாள்.
பழைய கீறலில் காய்ந்து தொங்கிய
ஒட்டுப்பாலைப் பிய்த்து உருட்டி
உள்ளங்கையில் வைத்தாள்.
"தேச்சுப் பாருங்க.
டீச்சரு அந்தப் பக்கம் திரும்பித்தான் நிக்காவ."

தேய்த்தேன்.
அழியவில்லை.
கருப்பாக இழுபட்டு
இரண்டு கோட்டையும் சேர்த்துக்கொண்டு
கீழே வழிந்தது, நனைந்த பட்டை மாதிரி.
செத்த எலியின் நாற்றம்.
லில்லிபுஷ்பத்துக்கு அது நாற்றமாகவே படவில்லை,
வாளியைத் தூக்கிக்கொண்டு
அடுத்த மூட்டுக்குப் போய்விட்டாள்.

இரவு திற்பரப்பு விடுதியில்
நோட்டுகளைக் கட்டில்மேல் விரித்தோம்.
மரச்சீனியும் மீன்குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன.
என் பக்கத்தில் அபிதா நின்றாள்.
"இந்தப் பட்டை எப்படி வந்தது?"
டாக்டர் நாற்காலியைத் தள்ளிப் போட்டார்.
"கை வேர்வை," என்றேன்.
அவள் நோட்டை மூக்கருகே கொண்டுபோனாள்.
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

கடைசி நாள் பிளாட்பாரத்தில்
டப்பா திரும்பவும் சுற்றி வந்தது.
மாம்பழ வாசனையை யாரோ எடுத்திருந்தார்கள்.
மற்றதையும் நான் எடுக்கவில்லை,
ரயில் நகரத் தொடங்கியிருந்தது, அதுதான் காரணம்.

திங்கட்கிழமை
மேசை இழுப்பறையில் நோட்டை வைத்தேன்.
மத்தியானத்துக்குள்
பக்கத்து சீட் பத்மஜா
எலிக்கு மருந்து வைக்க ஆள் சொல்லிவிட்டாள்.