எர்த்

புளியரை தாண்டி எஸ் வளைவில்தான் தெரிந்தது:
பிரேக்கை மிதித்தால்
முன்விளக்கு சாகிறது.
காலை எடுத்தால் பிழைக்கிறது.
நிற்பதா, பார்ப்பதா,
வளைவுக்கு ஒன்றுதான் கிடைக்கும்.

பின்னால் முப்பிடாதி,
என் தோளுக்கு மேலே போன் டார்ச் நீட்டினாள்.
அது மழையை மட்டும் காட்டியது.

வைக்கோல் லாரி ஒன்றின் சிவப்புப் புள்ளியைப் பிடித்து
கோட்டைவாசல் ஏறி ஆரியங்காவு இறங்கினோம்.
சாஜு பாதி ஷட்டர் போட்டிருந்தான்.

ஃபியூஸ் பார்த்தான், பல்பு பார்த்தான்,
பேட்டரியை மீட்டரால் தொட்டு உதட்டைப் பிதுக்கினான்.
பிறகு ஒரு துண்டு ஒயர்.
ஒரு முனை பேட்டரி நெகட்டிவில்,
மறுமுனை ஹெட்லைட் கருப்பு ஒயரில்.
மிதிக்கச் சொன்னான்.
விளக்கு கண் சிமிட்டவில்லை.
"எர்த்து கிட்டுன்னில்ல.
எப்போழா பெயின்ட் அடிச்சது?"

சித்திரையில், மைத்துனன் கல்யாணத்துக்கு.
கருப்பு வேண்டாம் நீலம் என்று சொன்னவள்
ரோட்டில் போகும் லாரிகளை எண்ண ஆரம்பித்தாள்.

போல்ட்டைக் கழற்றினான்.
அடியிலும் நீலம், வழுவழுவென்று.
போன கரண்ட் திரும்ப வழியில்லாமல்
அடுத்த வீட்டுக்குள் புகுந்து வந்திருக்கிறது இத்தனை நாளும்.
பிளேடால் சுரண்டச் சுரண்ட
காலணா அளவுக்கு இரும்பு வெளுத்தது.

பின் பிரேக்கைக் கையால் அமுக்கிப் பார்த்தவன்
கட்டைவிரல் நகத்தைக் காட்டினான்.
ஷூ அவ்வளவுதான் பாக்கி.
புதுசு புனலூரில்தான்.
நட்டை இரண்டு சுற்று இறுக்கிவிட்டு
நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

தென்மலை இறக்கத்தில் அவள் கேட்டாள்:
"இப்ப ரெண்டும் வருதா?"

விளக்கு வருது, என்றேன்.