கன்னத்தில் நிறுத்தி வைத்தது

மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்கு
ஐந்து சிகரெட் தூரம்.
பதினெட்டு வருசமாய் நான் அப்படித்தான் அளந்தேன்.
ஒலுமடுவில் ஒன்று,
ஒட்டுசுட்டானில் தேத்தண்ணியோடு ஒன்று,
தண்ணீரூற்றில் ஆள் ஏறும்வரை பாதி,
மிச்சப் பாதி காதிடுக்கில்.
மற்றவை கணக்கில் வராதவை.

லைசன்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில்
நெஞ்சில் குழல் வைத்துக் கேட்ட டொக்டர்
நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பழைய எஞ்சினுக்குக் காது கொடுக்கும் மெக்கானிக்கும்
அப்படித்தான் பேசாமல் நிற்பான்.

இப்போது என் இடத்தோளில்
ஒரு சதுரப் பிளாஸ்ரர்.
"காயமே இல்லை, பிறகென்னத்துக்கு அண்ணை?
உள்காயமோ?"
கேட்டவன் கொண்டக்டர் தர்மிலன்.
ஓமடா,
உள்காயம்தான்.

பிளாஸ்ரருக்கு அடங்காத நேரத்துக்குச் சுவிங்கம்.
"இது சப்பித் துப்புற சாமான் இல்லை,"
என்றா கிளினிக் மிசி யோகமலர்.
"மெல்லக் கடியுங்கோ. நாக்கில மிளகு சுட்டதும் விடுங்கோ.
கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில பார்க் பண்ணுங்கோ.
சூடு போனால் திரும்ப எடுங்கோ."
பார்க் பண்ணத் தெரியும் மிசி.
பதினெட்டு வருசம்
எதிலும் இடிக்காமல் பார்க் பண்ணினவன் நான்.

மூன்றாம் நாள்
ஒரு மாட்டோடு சண்டை பிடித்தேன்.
மாடு நியாயமாய்த்தான் நின்றது.

ஐந்தாம் நாள் வெயிலில்
பிளாஸ்ரர் வியர்த்துக் கழன்று
சீற்றில் ஒட்டிக் கிடந்தது.
அன்று பின்னேரம் முழுக்க
சீற் மட்டும் அமைதியாய் இருந்தது.

ஒன்பதாம் நாள் தவறினேன்.
முள்ளியவளையில் ஒரு செத்தவீடு.
தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, சுருட்டு,
விசிறிபோல் விரித்த சிகரெட்.
ஒருவரும் வற்புறுத்தவில்லை.
அதில்தான் பிழைத்தது.
பந்தலுக்குப் பின்னால், கிணற்றடியில்,
களவெடுத்த பெடியன்போல் குடித்தேன்.
அதுவும் ருசிக்கவில்லை.
மிசியிடம் சொன்னபோது அவ கொப்பியைப் பார்த்தா.
"நாளைக்கு முதலாம் நாள் இல்லை, பத்தாம் நாள்," என்றா.
வெளியில் வந்து
பஸ்ஸின் மறைவில் நின்று
முகம் துடைத்தேன்.

மூன்றாம் கிழமை மூக்கு திரும்பி வந்தது.
பாலைப் பூ மணக்கும் என்று பார்த்திருந்தேன்.
வந்தது கருவாடு.
ஆறாவது சீற், கறுத்தப் பை.
அதுக்குப் பிறகு டீசல் ஒழுக்கு.
எத்தனை வருசமாய் ஒழுகினதோ,
காலடியிலேயே.

பள்ளிக்கூடப் பெடியன் ஒருத்தன்
என் தாடையைப் பார்த்துக் கை நீட்டினான்.
"அண்ணை, எனக்கும் ஒண்டு."
இது உனக்கில்லையடா.
இது உனக்கு வேண்டாமல் இருக்கோணும்.

நேற்றுக் கடைசி றிப்.
கரிப்பட்டமுறிப்புக் காடு.
நடுரோட்டில் ஒரு அலியன்,
றோட்டு தன் பேரில் எழுதினதுபோல.
லைற்றைக் குறைத்தேன். கோண் அடிக்கவில்லை.
பின் கதவடியில் ஆரோ பற்ற வைத்தான்.
வாசம் ஒவ்வொரு சீற்றாய்ப் பிடித்துப் பிடித்து
என்னிடம் வந்தது.
தொண்டை திறந்தது. கை சேட் பொக்கெற்றுக்குப் போய்
ஒன்றுமில்லாததைத் தடவியது.

"அஞ்சு நிமிசம், மிஞ்சினால் பத்து.
அதுக்கு மேல அது நிக்காது," என்றிருந்தா மிசி.
யானையைப் பற்றி அவ ஒன்றும் சொல்லவில்லை.

கடித்தேன். மிளகு சுட்டது. நிறுத்தினேன்.
காது விசிறிக்கொண்டு அது என்னைப் பார்த்தது.
ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி நான் அதைப் பார்த்தேன்.
துரத்தினால் திரும்பும் என்று
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
ஒரு கால் வைத்தது. பிறகு ஒன்று.
போகவில்லை.
கரைப்பற்றைக்குள் நின்றுகொண்டு
வழி மட்டும் விட்டது.

முதலாம் கியர்.
அதன் மூச்சு படும் தூரத்தில்
கடந்தோம்.

ஒட்டுசுட்டானில் கடைக்காரன்
பழக்கத்தில் நெருப்புப்பெட்டியோடு எழும்பினான்.
பிளேன்ரீ மட்டும், என்றேன்.
கன்னம் மாற்றி நிறுத்தினேன்.