ஒன்றுக்கு நாற்பது

படிவத்தின் தலையில்
கறுப்பு மையால் மட்டும் நிரப்புக என்றிருந்தது.
என்னிடம் நீலம்தான்.
அமலதீபனிடம் பேனை வாங்கினேன்,
அவன் ஏற்கெனவே நிரப்பிவிட்டான்:
நிதிக் கணிதம், காலத்தொடர், தரவு,
கொழும்பில் ஒரு வங்கி, குளிரூட்டிய அறை,
எல்லாம் ஒரே வரிசையில்.

வெள்ளி நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும்.
கன்ரீன் மேசையில்
ரோல்ஸ் எண்ணெய் படாத மூலையில்
கலண்டர்த் தாளொன்றைத் திருப்பிப் போட்டு
இதையும் கணக்காகவே எழுதிப் பார்த்தேன்.
பதினொரு பாடங்கள், பதினொரு மாறிகள்.
எடுத்தால் ஒன்று, விட்டால் பூச்சியம்.
கட்டுப்பாடுகள்:
திறமைப்புள்ளி பதினைந்துக்குக் குறையலாகாது.
ஒரே நேரத்தில் இரண்டு மண்டபத்தில் இருத்தலாகாது.
ஆய்வுகூடம் முடிவது ஆறு மணி,
வேலணைக்குக் கடைசி பஸ் ஆறு பத்து,
இடையிலுள்ள தூரத்துக்கு
என் சைக்கிள் செயின் சம்மதிக்காது.
புதன் வியாழன் பின்னேரம்
ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் பஸ்காசு.
மெய்ப் பகுப்பாய்வு: போன வருசம் தவறியது.
இதை எழுதும்போது கை கொஞ்சம் வேகமாய்ப் போயிற்று.

ஒரு கட்டுப்பாட்டை ஓரலகு தளர்த்தினால்
கிடைக்கும் இலாபத்துக்கு நிழல் விலை என்று பெயர்.
கடைசி பஸ் கால் மணி பிந்தினால்
எனக்கு ஒரு முழுப் பாடம்.
சாரதிக்கு இது தெரியாது.

குறிக்கோள் சார்பு என்று எழுதி
சமக்குறி போட்டு நிறுத்தினேன்.
எதை உச்சமாக்க?
புள்ளியையா?
"ரீச்சர் வேலையெண்டா மூண்டு மணிக்கு வீட்டை வரலாம்"
என்று அம்மா சொல்வதையா?
யார் சார்பு என்று
சமன்பாடு கேட்பதில்லை.

பதினொன்றில் ஒன்று பாய்ம இயக்கவியல்.
போன தவணைக் கருத்தரங்கில் ஒரு படம் காட்டினார்கள்,
குடாநாட்டின் குறுக்குவெட்டு.
சுண்ணக்கல்லுக்குள், உப்புநீரின் மேல்,
நன்னீர் ஒரு வில்லையாய் மிதக்கிறது.
கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால்
கீழே நாற்பதடி நிற்கும்.
மேலே ஓரடியை இறைத்து முடித்தால்
கீழிருந்து நாற்பதடி உப்பு ஏறும்.
எல்லாரும் குறிப்பெடுத்தார்கள்.
நான் எடுக்கவில்லை.
எங்கள் கிணறு உவர்த்தபோது எனக்குப் பத்து வயது.
எவ்வளவு இறைத்தால் எவ்வளவு போகும் என்று
அன்றைக்குத்தான் எண்ணோடு தெரிந்தது.

பாய்ம இயக்கவியலுக்கு முன்தேவை
பகுதி வகையீட்டுச் சமன்பாடுகள்.
அதற்குக் காவி நுண்கணிதம்.
அம்புக்குறியைப் பிடித்துப் பின்னால் போனேன்.
தாளின் அடியில்
நகைக்கடை விளம்பரம் மறுபக்கத்திலிருந்து ஊறித் தெரிந்த இடத்தில்
மெய்ப் பகுப்பாய்வு இருந்தது,
எப்சிலனும் டெல்ராவுமாய்.
மேலே ஒரு வரி.
கீழே நாற்பது.

அப்படியென்றால் பாய்மம் இந்த வருசம் இல்லை.

"ஜூனியர்களோட இருந்து படிக்கப் போறியோ?"
"ஓம்."
"செவ்வாய் விடிய எட்டு மணி."
"தெரியும்."
"நிதிக் கணிதம் லேசடி."
"அதுவும் தெரியும்."
செவ்வாய் விடியத்தான் தண்ணீர் பவுசர் வரும்.
கான்களோடு இனித் தம்பி நிற்கவேணும்.
அவனிடம் இன்னும் கேட்கவில்லை.

அலுவலகத்தில் வசந்தமாலா அக்கா
கண்ணாடியை இறக்கிப் பார்த்தா.
"காரணம் எண்ட இடத்தில
தண்ணீர் எண்டு எழுதியிருக்கிறீர்.
இது எந்தப் பாடம்?"
"காரணம்தான் அக்கா."
"தகைமை பெறுவதற்காக எண்டு எழுதும்.
வெட்டப்படாது. வேற படிவம் தாறன்."

தகைமை பெறுவதற்காக என்று எழுதினேன்.
நாலுக்கு மூன்று நிமிடம் இருந்தது.
முத்திரை விழுந்தது, கொஞ்சம் சரிவாய்.
முதல் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
அதன் பின்பக்கம் வெற்றாக இருக்கிறது,
ஒரு கணக்குச் செய்யலாம்.