பறிமுதல் பதிவேடு

புதிய ஒழுக்க விதிகள் இருபத்திரண்டு.
கொழும்புப் பாடசாலை ஒன்றின் தாளைப் பார்த்து
அதிபர் தட்டச்சு செய்வித்தது.
பதினாலாவது விதி
நீச்சல் தடாகத்தின் கரையில் ஓடக்கூடாது என்கிறது.
எங்களிடம் இருப்பது ஒரு குழாய்க்கிணறு,
அதுவும் ஆவணியில் இருமும்.
"அழிக்கவா சேர்?" என்றேன்.
"கிடக்கட்டும் ரீச்சர், இலக்கம் குழம்பிடும்."

ஆறாவது விதிக்கு நான் பொறுப்பு.
கைபேசி கொண்டுவரப்படலாகாது.
கொண்டுவரப்பட்டால் பறிக்கப்படும்.
தவணை முடிவில்
பெற்றோரின் கையொப்பத்துடன் திருப்பித் தரப்படும்.
விதிகளுக்குச் செயப்பாட்டு வினை பிடிக்கும்.
பறிப்பது யாரென்று அவை சொல்வதில்லை.
பறிப்பது நான்.

இரும்பு அலுமாரியின் நடுத்தட்டில் பதினேழு.
கண்ணாடி வெடித்து செலோரேப் ஒட்டியது,
பின்மூடிக்குள் மடுமாதா படம் வைத்தது,
சாப்பாட்டுப் பெட்டியில் புட்டுக்கு அடியில்
பொலித்தீன் சுற்றி வந்தது ஒன்று.
அதைப் பிடித்த அன்று
சிரிப்பை அடக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன்.

பதினெட்டாவது நிலோஜனுடையது.
தரம் பதினொன்று, பி பிரிவு.
செங்கோண முக்கோணியின் நடுவில்
களிசான் பொக்கற்றுக்குள் அதிர்ந்தது.
நீட்டச் சொன்னேன். நீட்டினான்.
"ரீச்சர், அது யானைக் குறூப்.
போற வழிக்குப் பாக்கிறது."
வகுப்பு சிரித்தது.
ஒவ்வொரு போனுக்கும் ஒரு காரணம் உண்டு.
அம்மாவுக்குச் சுகமில்லை, ரியூசன் நேரம் மாறிவிட்டது.
யானை இதுதான் முதல்தடவை.
பதிவேட்டில் 'காரணம்' என்ற பத்தியில்
அப்படி எழுதக் கை வரவில்லை.
'பொழுதுபோக்கு' என்று எழுதினேன்.

புதன்கிழமை, ஒன்று பத்து.
அலுமாரிக்குள் ஏதோ தகரத்தில் தட்டியது,
போத்தலில் அடைபட்ட வண்டு மாதிரி.
நிறுத்திவைக்க மறந்திருக்கிறேன்.
திறந்தேன். திரை விழித்திருந்தது:
"தனியன். மூண்டாங்கட்டை பாலத்தடி.
றோட்டிலதான் நிக்குது.
பள்ளிப் பிள்ளையள மறியுங்கோ."

ஒன்பதாவது விதி:
மாணவரின் குறுஞ்செய்தி ஆசிரியரால் வாசிக்கப்படலாகாது.
அதைச் சேர்க்கச் சொன்னதே நான்,
கூட்டத்தில் எழும்பி நின்று,
கொஞ்சம் பெருமையோடு.

அம்பகாமம் பக்கம் போகும் பிள்ளைகள் நாற்பத்தொன்று.
இருபத்தெட்டு சைக்கிள். மிச்சம் கால்நடை.
அருளப்பு அண்ணை மணிக்கயிற்றைப் பிடித்தாயிற்று.
"அடியாதைங்கோ."
இருபது வருடத்தில் ஒருநாளும் பிந்தாத மனிதர்
என்னைப் பார்த்த பார்வையில்
அவரிடமும் ஒரு விதிக்கோவை இருந்தது.

ஐம்பது நிமிடம்.
பிள்ளைகள் வரிசையில் நின்றபடியே வரிசையை மறந்தார்கள்.
மாணவத் தலைவி மதுசாளினி
ரையைத் தளர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்,
நான் பார்க்காதது போல் நின்றேன்.
தூரத்தில் யானைவெடி ஒன்று.
நெடுநேரம் கழித்து இன்னொன்று.
பிறகு முதிரை மரத்துக் காகங்கள் மட்டும்.
அலுமாரி மறுபடி தட்டியது:
"காட்டுக்குள்ள போட்டுது."

எல்லாரும் போனபிறகு
நிலோஜன் வாசலில் நின்றான்.
ஒன்றும் கேட்கவில்லை. விதி அவனுக்கும் தெரியும்.
தவணை முடிய இன்னும் ஐந்து கிழமை.
நானும் கொடுக்கவில்லை.
கொடுத்தால் நாளைக்கே பதினேழு யானை வரும்,
பொக்கற்றுக்கு ஒன்றாக.
"கவனமாப் போ" என்றேன்.
"நீங்க பாத்தனீங்களோ ரீச்சர்?" என்றான்.
அலுமாரியைப் பூட்டுவதில்
அளவுக்கு மிஞ்சிய கவனம் செலுத்தினேன்.

மறுநாள் வீட்டிலிருந்து சார்ஜர் கொண்டுபோனேன்.
அலுமாரி முதுகில் துரு தின்ற ஓட்டையால்
வயரை உள்ளே விட்டேன்.
இருபத்திரண்டு விதியையும் இரண்டுமுறை வாசித்தேன்,
சார்ஜ் போடுவது பற்றி ஒரு சொல் இல்லை.

இப்போது தினமும் ஒன்று இருபத்தெட்டுக்கு
அருளப்பு அண்ணை கயிற்றைத் தொடமுன்
ஜன்னலால் என்னைப் பார்க்கிறார்.
நான் அலுமாரியைத் திறந்து பார்க்கிறேன்.
தலையாட்டினால் அடிக்கிறார்.

பதிவேட்டில் அந்தப் பத்தி
இன்னும் பொழுதுபோக்கு என்றுதான் இருக்கிறது.
வெட்டினால் தெரியும்.
பூசி மறைக்க வெள்ளை மை வேண்டும்,
அது தடை,
பத்தொன்பதாவது விதி.